ராமாத்தாளின் வலது கண்

புக்கிட் ரம்பாயைச் சேர்ந்த ராமாத்தாளின் இடது கண் சனிக்கிழமை மாலை இறந்தது. வலது கண் அதற்குப் பிறகும் எட்டு மாதம் உயிரோடு இருந்தது. அவர் அங்கே தாமான் குடியிருப்பில் தனியாக வாழ்ந்தவர். பத்து பெரண்டாமில் தொழிற்சாலை ஒன்றில் சூப்பர்வைசராக இருக்கும் மகன் தர்மேந்திரன், ஞாயிற்றுக்கிழமை வருவதாகப் போனில் சொல்லியிருந்தார். ஓவர்டைம் வந்துவிட்டதால் வரவில்லை. செவ்வாய்க்கிழமை பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவை உடைத்தபோது, ஜன்னலைப் பார்த்துப் போட்ட நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார்.

யாரும் பார்க்காமல் இறந்தவருக்கு எந்தத் திதியில் காரியம் செய்வது என்று கோயில் குருக்கள் கேட்டார். அதை ஆய்வகந்தான் சொல்ல வேண்டியிருந்தது. மனிதன் இறந்ததும் கண்ணுக்குள் இருக்கும் தெளிந்த நீரில் பொட்டாசியம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். அது எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அளந்து, உயிர் போன நேரத்தை ஏறக்குறையச் சொல்லிவிடலாம். தெங்கேராவில் குடியிருந்த பமேலா பல ஆண்டுகளாக அந்த வேலையைச் செய்து வந்தார். இரண்டு கண்களின் நீரும் தனித்தனிக் குப்பிகளில் அவரிடம் வந்தன. இடது கண் சனிக்கிழமை மாலை என்றது. வலது கண்ணின் நீரில் பொட்டாசியம் ஏறவே இல்லை. உயிரோடு இருப்பவர் கண்ணில் எவ்வளவு இருக்குமோ அவ்வளவுதான் இருந்தது. பமேலா கருவியைச் சரிபார்த்து மூன்று முறை சோதித்தார். பிறகு அந்தக் குப்பியைக் குளிர்பெட்டியில் வைத்தார். மறுநாளும் அது உள்ளங்கைச் சூட்டோடு இருந்தது.

உடலைப் பரிசோதித்த டாக்டர் இடது கண்ணின் கணக்கை ஏற்றுக்கொண்டார். அம்மா சனிக்கிழமையே போய்விட்டார் என்று கேட்டதும் தர்மேந்திரன் அழுதார். தான் ஞாயிற்றுக்கிழமை போயிருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாது என்ற நிம்மதியும் அந்த அழுகையில் இருந்தது. உடல் எரிந்தது, கருமாதியும் முடிந்தது. குப்பியை மட்டும் வீசப் பமேலாவுக்கு மனம் வரவில்லை. ஆய்வகத்தில் அதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. ஆனால் குளிர்பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் யாரோ தங்கள் முகத்தை ஆசையாகப் பார்த்து, பிறகு, இவன் இல்லை என்று பார்வையை எடுத்துக்கொள்வது எல்லாருக்கும் தெரிந்தது. உதவியாளர் டெஸ்மண்ட் குப்பிக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் பெட்டியைத் திறந்தான்.

"அக்கா, அது என்னைப் பாத்து ஏமாந்து போவுதுலா. எங்கம்மாகூட என்னைப் பாத்து இவ்ளோ ஏமாந்ததில்ல."

"உங்கம்மா வெளிய காட்டிக்க மாட்டாங்கடா. மூடு பெட்டிய," என்றார் பமேலா.

பமேலா நாள்தோறும் காலையில் மாதா கோயிலில் அந்த முகந்தெரியாத தாய்க்கு ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வேலைக்கு வந்தார். வந்ததும் குப்பியிடம், "இன்னிக்கும் வேலையா இருப்பாரும்மா, வந்துருவாரு," என்று தணிந்த குரலில் சொல்வார். பிறர் மகனுக்காகச் சொன்ன அந்தச் சமாதானத்தைக் கடவுள் பொய்க் கணக்கில் சேர்க்கமாட்டார் என்று அவர் நம்பினார். எட்டாம் மாதம், தானும் ஏமாற்றுகிறோமோ என்று மனம் உறுத்தத் தொடங்கியது. தர்மேந்திரனுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னார்.

தர்மேந்திரன் முழுதும் கேட்டுக்கொண்டார். பிறகு, "நான் வந்து பாத்துட்டா அம்மா போயிருவாங்களாக்கா?" என்று கேட்டார்.

"போயிருவாங்கன்னுதான் நெனைக்கிறேன், தம்பி."

"அப்போ நான் வரல. இருக்கட்டும். இப்பவாச்சும் இருக்கட்டும்க்கா."

"இருக்காங்கதான். ஆனா எட்டு மாசமா கண்ண மூடல. ஒரு நாள் ராவுகூட தூங்கல. நீங்க அவங்க பெத்த பிள்ளை, நீங்களே சொல்லுங்க."

தர்மேந்திரன் போனை வைத்துவிட்டார். இரண்டு வாரம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. வராமல் இருந்தால் அம்மா இருப்பார், வந்தால் அம்மா தூங்குவார் என்பதை அவர் இயந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவே யோசித்துக்கொண்டே இருந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கும் ஓவர்டைம் வந்தது. முடியாது என்று சொல்லிவிட்டு, மனைவி வாணியை அழைத்துக்கொண்டு ஆய்வகத்துக்கு வந்தார்.

பமேலா குப்பியை எடுத்து அவர் கையில் வைத்தார். அவர் அதை விரல்களால் பொத்திப் பிடித்தபடி நின்றார். "மசமசன்னு நிக்காதீங்க, முகத்தக் காட்டுங்க," என்று வாணி அவர் முழங்கையைத் தொட்டாள். அவர் குப்பியைத் தம் முகத்துக்கு நேரே உயர்த்தினார்.

"அம்மா, வந்துட்டேன். லேட்டாயிருச்சிம்மா."

அந்தப் பார்வை அவர் நெற்றியிலிருந்து தாடைவரை நிதானமாக இறங்கியதை மூவரும் உணர்ந்தார்கள். பிறகு குப்பி அவர் கையில் மெல்லக் குளிர்ந்தது. கண்ணைவிட்டு எடுத்த நீரில் பொட்டாசியம் ஏற வழியில்லை. ஆனால் மறுநாள் சோதித்தபோது ஏறியிருந்தது, ஒரு நாளைக்கு எவ்வளவு ஏற வேண்டுமோ அவ்வளவு. கணக்குப் போட்டால் ஞாயிறு நண்பகல் வந்தது. பமேலா சிலுவைக்குறி போட்டுக்கொண்டார்.

குருக்கள் பஞ்சாங்கத்தைப் புரட்டி, தேய்பிறைச் சப்தமி, இனி இந்தத் திதியிலேயே கொடுங்கள் என்றார். தொழிற்சாலை தர்மேந்திரனுக்கு இரண்டாம் முறையும் துக்க விடுப்பு கொடுத்தது. புக்கிட் ரம்பாய் வீட்டைத் திறந்து விளக்கேற்றியபோது, துக்க வீட்டில் அடுப்பெரியாது என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சோறும் ரசமும் கொண்டு வந்தார்கள். எட்டு மாதத்துக்கு முன் எரித்தவர் நேற்று எப்படி இறந்தார் என்று யாரும் கேட்கவில்லை. கடைசி நேரத்தில் சிரமப்பட்டாரா என்று மட்டும் கேட்டார்கள். இல்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே போனார் என்றார் தர்மேந்திரன். அதுதான் நல்ல சாவு என்று சொல்லி, எல்லாரும் இலை போட்டு உட்கார்ந்தார்கள்.