லோசா மூச்சடக்கி எடுத்த படம்

1

இந்தக் கதை ஆக்லாந்து ஆஸ்பத்திரி ஒன்றில் ஸ்கேன் அறை வாசலில் எனக்குக் கிடைத்தது. என் முறைக்காகக் காத்திருந்தேன். பக்கத்தில் சமோவாக்கார அக்கா தங்கை இருவர். அக்கா மாலியா. தங்கை லோசா, ரொட்டிக்கடையில் மாவு பிசைபவள். பின்னர் வந்த வாரங்களில் லோசாவே மீதியைச் சொன்னாள். [சில இடங்களில் நான் இட்டு நிரப்பியிருக்கிறேன்.]

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: 'இதயத்தில் ஓட்டையோடு பிறந்த லோசாவின் விதி அந்த ஓட்டை வழியே...' வேண்டாம். அவள் படித்தால் சிரிப்பாள்.

2

இரண்டு வயதில் அறுவை நடந்தது. சரியாகிவிட்டது என்றார்கள், முப்பத்தாறு வயதுவரை அவளும் நம்பினாள். பிறகு மாவு மூட்டையைத் தூக்கினாலே மூச்சு வாங்கியது. இதய வால்வு கசிகிறதாம். அந்த அறுவையின்போது வைத்த பழைய பேஸ்மேக்கர் கம்பி உடம்பில் இருந்ததால் எம்.ஆர்.ஐ. கூடாது, சி.டி. ஸ்கேன்தான்.

"மருந்து ஏத்தினா உடம்பு சூடாகும். மூத்திரம் போயிட்ட மாதிரி இருக்கும், ஆனா போகாது," என்றாள் ஸ்கேன் எடுப்பவள்.

"இவள நம்பாதீங்க," என்றாள் மாலியா. "சின்னதுல என் பாயத்தான் நனைப்பா."

உள்ளே போய் லோசா மூச்சை இழுத்து அடக்கினாள். சிரிப்பை அடக்குவதுதான் கஷ்டமாக இருந்ததாம்.

3

தொடை வழியாகக் குழாய் விட்டே புது வால்வைப் பொருத்திவிடலாம் என்று எண்ணியிருந்தார்கள். டாக்டர் ஹாலரன் படத்தைத் திரையில் திருப்பிக் காட்டினார். வால்வு உட்காரவேண்டிய இடத்தை ஒட்டியே, இதயத்துக்கு ரத்தம் கொடுக்கும் குழாய் ஓடியது. வால்வு விரிந்தால் அது நசுங்கும்.

"அப்ப நெஞ்சத் திறக்கணும்," என்றாள் லோசா.

"ஆமா. பழைய ஆபரேஷனால இதயம் நெஞ்செலும்போட ஒட்டியிருக்கு. எங்க ஒட்டியிருக்குன்னு படத்துல தெரியுது. அதப் பாத்து ஜாக்கிரதையா திறப்போம்."

(இங்கே லோசா அழுவதாக எழுதி அடித்தேன். அழுதது மாலியா.)

"நீ ஏன்க்கா அழற? நெஞ்சு என்னுது."

"ரெண்டு வயசுல உன்ன உள்ள கொண்டுபோனப்ப வெளிய உக்காந்திருந்தவ நானு. உனக்கு ஒண்ணும் ஞாபகமில்ல."

இத்தனை வருடத்தில் மாலியா அதைச் சொன்னதே இல்லை. லோசா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, டாக்டரைப் பார்த்தாள்.

"தேதி சொல்லுங்க."

4

முடிவு ஒன்று: தேறி வந்து, மூட்டையைத் தூக்கி...

முடிவு இரண்டு: [கை வரவில்லை]

அவள் தானாக முடிவெடுத்து வந்தது அறுவை அரங்கின் கதவுவரை. அதற்கப்பால் நடப்பது அவள் கையிலும் இல்லை. என் கையில் இருப்பதாகக் காட்டிக்கொள்ள எனக்குக் கூச்சமாக இருக்கிறது. இன்று காலை அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். மாலியா வெளியே தனியாக இருக்கிறாள். பக்கத்து நாற்காலி காலி. நீங்கள் போய் உட்காருங்கள். ஒன்றும் கேட்காதீர்கள், கதவு திறக்கும்போது பக்கத்தில் இருங்கள்.