கிளச்சுக்குப் போதும், சுவிச்சுக்குப் போதாது

முரசுமோட்டை மாதர் சங்கத்தின் வான் என் கராஜுக்கு வந்தபோது முன் இருக்கையில் சங்கச் செயலாளர் பத்மாசனியும் இருந்தார். அதைக் கண்டதும் எனக்கு எரிச்சல் வந்தது. ஓட்டுகிறவன் மட்டும் வந்தால் வேலை நடக்கும். சங்கமும் கூட வந்தால் விசாரணைதான் நடக்கும்.

பரந்தன் சந்தியிலிருந்து கூப்பிடு தூரத்தில் என் கராஜ். நான்கு தூண், தகரக் கூரை, ஒரு குழி. சண்டையில் மூடிக் கிடந்த பாதை திறந்து இரண்டு வருஷமாகத் தெற்கிலிருந்து பழைய ஜப்பான் வாகனங்கள் வந்தபடி இருந்தன. யாரோ பதினைந்து வருஷம் ஓட்டி அலுத்துப்போய்த் தள்ளிவிட்டவை. இந்த வானும் அந்த இனம்தான். கர்ப்பிணிகளைக் கிளினிக்குக்கு ஏற்றி இறக்கவென்று ஒரு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் சங்கத்துக்கு வாங்கிக் கொடுத்திருந்தது.

ஓட்டுகிறவன் பாலன். முப்பது வயதிருக்கும். மிதிவெடியில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. பொய்க்காலோடுதான் ஓட்டுகிறான், அது ஊரறிந்த விஷயம். அவனை வேலைக்கு எடுத்தபோது சங்கத்தில் பாதிப் பேர் முகத்தைச் சுளித்தார்கள். கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார்கள். காலால் என்றைக்குத் தொந்தரவு வருகிறதோ அன்றைக்கே வானின் திறப்புச் சாவி சங்கத் தலைவியின் மருமகன் நிருஷனின் கைக்குப் போய்விடும். நிருஷன் ஒரு வருஷமாக அதற்குத்தான் காத்திருந்தான்.

"வானுக்கு என்ன தம்பி வருத்தம்?" என்று கேட்டேன்.

"பழைய சுவிச் கதைதான் அண்ணை. சில நேரம் ஸ்ராட் வருது, சில நேரம் ஒரு சத்தமும் இல்லை."

இந்த வானில் கிளச்சை மிதிக்காமல் திறப்பைத் திருப்பினால் எஞ்சின் அசையாது. பெடலுக்கு மேலே விரலளவு சுவிச் ஒன்று இருக்கிறது. பெடல் அடிவரை போனால் அதன் தண்டு சுவிச்சை அமுக்கும், அப்போதுதான் ஸ்ராட்டருக்குக் கரண்ட் போகும். கியரில் கிடக்கிற வாகனம் தெரியாத்தனமாகப் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்கான காவல் அது. ஒரு மாதத்துக்குள் இரண்டு கராஜ்களில் இரண்டு புதுச் சுவிச் போட்டாயிற்றாம். அப்படியும் போன செவ்வாய்க்கிழமை கிளினிக் முடிந்து எட்டுக் கர்ப்பிணிகள் ஒரு மணித்தியாலம் வெயிலில் வானுக்குள் அவிந்திருக்கிறார்கள். றோட்டால் போன பெடியன்கள் தள்ளித்தான் ஸ்ராட் எடுத்திருக்கிறார்கள்.

"கமிட்டி என்னை நேரை போய்ப் பாத்து வரச் சொன்னது அண்ணை. பிழை எதிலை எண்டு உங்கடை வாயாலை கேக்கோணும்" என்றார் பத்மாசனி. சொல்லிவிட்டுக் குழாயடிக்கு முகம் கழுவப் போனார்.

அவர் அப்பால் போனதும் பாலன் என் காதுக்குக் கிட்ட வந்தான்.

"அண்ணை, சுவிச்சை வெட்டி டிரெக்ட் போட்டு விடுங்கோ. அவாக்குத் தெரியத் தேவையில்லை."

இரண்டு வயரையும் நேரே முறுக்கிவிடுவதுதான் டிரெக்ட். பிறகு கிளச்சை மிதித்தாலென்ன, விட்டாலென்ன, திறப்பைத் திருப்பினால் ஸ்ராட்டர் சுற்றும். வன்னி முழுக்க இதுதான் கைவைத்தியம். நானும் செய்திருக்கிறேன். ஆனால் இந்த வானின் ஹான்ட்பிரேக் பிடிக்காது. இங்கே எந்தப் பழைய வாகனத்தில்தான் பிடிக்கிறது? எல்லோரையும் போலப் பாலனும் முதலாம் கியரில் போட்டு, சில்லுக்கு ஒரு கல்லை அண்டக் கொடுத்துவிட்டுத்தான் இறங்குவான். கல்லை எடுத்த பிறகு ஒருநாள் கியரை மறந்து திறப்பைத் திருப்பினால் வான் முன்னுக்குப் பாயும். கிளினிக் நாளில் அதன் முன்னால் வயிற்றைத் தூக்கிக்கொண்டு நடப்பவர்கள் யாரென்று நான் சொல்லத் தேவையில்லை.

போன வருஷம் நான் டிரெக்ட் போட்டுக் கொடுத்த ஒரு பிக்கப், என் மேசையைத் தூணோடு சேர்த்து நசுக்கியது. நான் தேத்தண்ணி குடிக்க எழும்பிப் போனதால் பிழைத்தேன். அந்த மேசையின் ஒரு கால் இன்னும் சாய்வுதான்.

"ஏலாது" என்றேன்.

பத்மாசனி முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். நான் ஏறியிருந்து கிளச்சை மிதித்துத் திறப்பைத் திருப்பினேன். பிடித்தது. நிற்பாட்டி மறுபடி திருப்பினேன். மறுபடியும் பிடித்தது. பத்துத் தரம் திருப்பினேன், பத்துத் தரமும் பிடித்தது. சுவிச்சில் ஒரு குறையும் இல்லை.

"இப்ப நீ ஏறு."

பாலன் ஏறினான். மிதித்தான். திருப்பினான். ஒரு சத்தமும் இல்லை. இன்னொரு தரம் இருக்கையிலிருந்து இடுப்பை உன்னி மிதித்தான். அப்போதும் இல்லை. நான் குனிந்து பார்த்தேன். பொய்க்காலின் குதி தரையில் முட்டி நின்றது. பெடல் அடிக்குப் போக இன்னும் ஒரு விரல் அகலம் இருந்தது.

"அப்ப கால்தான்" என்றார் பத்மாசனி. குரலை உயர்த்தவில்லை.

பாலன் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி சொன்னான். "மூண்டு மாசத்துக்கு முந்தி யாழ்ப்பாணத்திலை புதுக்கால் போட்டவை அக்கா. பழசிலை குதி தேஞ்சு கிடந்தது, பெடல் அடிவரைக்கும் போகும். இது நல்ல கால். நடக்க நோவில்லை. ஆனா இஞ்சை முட்டுது. தரையிலை கிடந்த றபர் விரிப்பையும் கழட்டிப் பாத்திட்டன்."

எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. "தெரிஞ்சுகொண்டே ரெண்டு சுவிச் மாத்தினனியோ? வாய் எங்கை போனது உனக்கு?"

"காலெண்டு சொன்னா வேலை போயிடுமே அண்ணை."

அவனைத் திட்டுவது சுலபம். அந்த நிபந்தனை போட்டபோது நானும் ஊரோடு சேர்ந்து சிரித்தவன்தான்.

"பொறுங்கோ தங்கச்சி" என்று பத்மாசனியிடம் சொன்னேன். "சுவிச்சுக்குப் பெடல் அடிவரைக்கும் போகோணும். கிளச் அதுக்கு முன்னமே விடுபட்டு எஞ்சினைச் சில்லிலை இருந்து பிரிச்சிடும். இவன் மிதிக்கிற அளவு கிளச்சுக்குப் போதுமோ எண்டதுதான் கேள்வி. நீங்களே பாருங்கோ."

முன் சில்லுகளுக்குக் கல் வைத்து, வலது பின்சில்லை மட்டும் ஜக்கால் தூக்கினேன். எஞ்சினை எடுக்காமலே முதலாம் கியரில் போடும்படி பாலனிடம் சொன்னேன். பத்மாசனி சேலையைச் செருகிக்கொண்டு குந்தினார்.

"சில்லைச் சுத்திப் பாருங்கோ."

இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். இறுகி நின்றது.

"தம்பி, இப்ப மிதி. உன்னாலை ஏலுமான அளவு மட்டும்."

சில்லு சுழன்றது. அவர் கையை எடுத்த பிறகும் அரைச் சுற்றுச் சுழன்று நின்றது. பாலனை விடச் சொன்னேன், இறுகியது. மிதிக்கச் சொன்னேன், சுழன்றது. பத்மாசனி நான் கேட்காமலே இன்னும் இரண்டு தரம் சுற்றிப் பார்த்தார். உள்ளங்கையெல்லாம் கறுப்பு.

"அவன்ரை கால் கிளச்சுக்குப் போதும். சுவிச்சுக்குத்தான் போதாது" என்றேன்.

பிறகு நடந்தது கால் மணித்தியால வேலை. சுவிச்சைப் பிடித்திருக்கும் நட்டுகள் இரண்டையும் இளக்கி, அதைப் பெடல் பக்கமாக ஒரு விரல் அகலம் முன்னுக்குக் கொண்டுவந்து இறுக்கினேன். பாலன் மிதித்துத் திருப்பினான், பிடித்தது. மிதிக்காமல் திருப்பச் சொன்னேன், அசையவில்லை. காவலும் இருக்கிறது, வானும் ஓடும். இரண்டு கராஜ்காரரும் குனிந்து பார்த்திருந்தால் இரண்டு சுவிச்சும் மிஞ்சியிருக்கும்.

"கமிட்டிக்கு என்ன சொல்லுறது?" என்று கேட்டார் பத்மாசனி.

"சுவிச் இருந்த இடம் பிழை, மாத்தியாச்சு எண்டு சொல்லுங்கோ. காலைப் பற்றிக் கதைக்கத் தேவையில்லை."

பத்மாசனி, ஜக்கை இறக்கியிருந்த வானின் முன்னால் போய், முன் கண்ணாடிக்கு நேரே நின்றார். என் கராஜில் இப்படியொரு விசாரணை நடந்ததே இல்லை.

"தம்பி பாலன், கியரிலை போட்டு, மிதிச்சு, ஸ்ராட் எடும்."

"பாயாது தங்கச்சி, பயப்பிடாதேங்கோ" என்றேன் நான்.

"எனக்குத் தெரியும் அண்ணை. சில்லைச் சுத்தினது நான்தானே. எடும் தம்பி."

பாலன் திறப்பில் கை வைத்தான். பிறகு திறப்பைக் கழற்றிக்கொண்டு இறங்கி, அவர் முன்னால் வந்து நின்றான்.

"ஆக்கள் முன்னுக்கு நிக்க நான் எடுக்க மாட்டன் அக்கா. இன்னொண்டும் சொல்லோணும். நீங்கள் முகம் கழுவப் போன நேரம் இந்தச் சுவிச்சை டிரெக்ட் போடச் சொல்லி அண்ணையைக் கேட்டனான். அவர்தான் மாட்டன் எண்டவர். அவர் ஓமெண்டிருந்தா, ஒருநாள் நான் கியரை மறந்திருந்தா..." அவன் முடிக்கவில்லை. திறப்பை நீட்டினான். "நிருஷனட்டைக் குடுங்கோ."

எனக்கு வெட்கமாக இருந்தது. நான் மூடி அனுப்பப் பார்த்ததை அவன் திறந்து வைத்துவிட்டான்.

பத்மாசனி கறுத்த கையால் திறப்பை வாங்கவில்லை.

"காலையும் சொல்லுவன், டிரெக்டையும் சொல்லுவன்" என்றார். "கமிட்டி கத்தட்டும். திறப்பை மாத்திறதெண்டால் செயலாளரையும் மாத்தச் சொல்லுவன். ஏறும், கிளினிக்குக்குப் பிள்ளைத்தாச்சியள் காத்துக்கொண்டு நிப்பினம்."

பாலன் ஏறினான். வழக்கத்தின்படி மறுபடி இறங்கிச் சில்லுக்கடியில் கிடந்த கல்லை எடுக்கப் போனான். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவன் அந்தக் காலோடு குனிந்து வைத்து, குனிந்து எடுக்கிற கல். பத்மாசனி அவனுக்கு முன்னமே குனிந்து அதை எடுத்து, முன் இருக்கையில் தன் காலடியில் போட்டுக்கொண்டார்.

"ஹான்ட்பிரேக் திருத்தும்வரைக்கும் இது என்ரை வேலை" என்றார். "நீர் உம்மடை வேலையைப் பாரும்."