இரண்டு வாளித் தண்ணீர்

கிணற்றுத் துலாவைத் தறித்து அடுப்பில் வைத்த அன்று பத்மாவதியும் கைதட்டியவள்தான். அதை அவள் பின்னர் யாரிடமும் மறைக்கவில்லை.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்து இரண்டு வருடம். பலாலியில் பட்டாளம் விட்டுப்போன நீரிறைக்கும் இயந்திரமொன்றை, தெல்லிப்பழைக்கு அயலிலிருந்த அந்த ஊரின் ஆறு குடும்பங்கள் தங்கள் பங்குக் கிணற்றுக்கென ஏலத்தில் எடுத்தன. முன்னின்றவர் ஊர்ப் பாடசாலையின் மனேச்சர் சண்முகநாதன். "இண்டையோடை இந்த ஊரிலை துலா மிதிக்கிற அடிமைத்தனம் ஒழிஞ்சுது!" என்று திறப்பு நாளில் முழங்கியவர், பாட்டன் காலம் முதல் தண்ணீர் தந்த துலாவைத் தறிப்பித்து, அந்த விறகிலேயே பொங்கலும் பொங்குவித்தார். ஊர் உண்டு மகிழ்ந்தது. கைகாவலாக இருந்த ஒரே வழி சாம்பலாகிப் போனதை எவரும் எண்ணவில்லை.

இயந்திரத்தைப் பூட்டிக் கொடுத்தவர் யாழ்ப்பாணப் பட்டினத்தில் லொறிகள் திருத்தும் நளீர். திறப்பு நாளன்று ஓடவிடுமுன் அவர் பம்பின் வாயைத் திறந்து இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றியதைப் பத்மாவதி கண்டாள். மற்றவர்கள் மேளக்காரரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஐயா, ஒரு மாசம் நான் வந்து போறன். ஆரும் ஒருத்தருக்குப் பழக்கி விடுறன்," என்றார் நளீர்.

மனேச்சர் அவருடைய எண்ணெய்க் கைகளை மேலும் கீழும் பார்த்தார். "நீர் எத்தினையாம் வகுப்பு மட்டும் படிச்சனீர்?"

"மூண்டு, ஐயா."

"என்ரை மகன் டிப்ளோமா. பம்பாயிலையிருந்து தபாலிலை வந்தது. மூண்டாம் வகுப்போ டிப்ளோமாவுக்குப் படிப்பிக்கிறது?"

கூட்டம் சிரித்தது. நளீர் தம் திருகுசாவிகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

மனேச்சரின் மகன் கனகரத்தினம் பன்னிரண்டு மாதம் தபாலில் பாடம் பெற்று, தபாலில் விடையெழுதி, தபாலிலேயே இயந்திர நிபுணனானவன். ஒரு மரையாணியைக்கூட அவன் விரல் திருகியதில்லை. அந்தத் தாள் கண்ணாடிச் சட்டமேறி இயந்திரக் கொட்டிலில் தொங்கியது. அதைக் கண்டுதான் பத்மாவதியும் மயங்கினாள். கணவனை இழந்தபின் தனியாகப் புகையிலை செய்து காத்த எட்டுப் பரப்புத் தோட்டத் தறையை மகள் அருந்ததிக்குச் சீதனமாக எழுதி, அவளைக் கனகரத்தினத்துக்கே கொடுப்பதென்று வாய்ச்சொல்லும் கொடுத்தாள். சித்திரையில் கலியாணம். மாசியில் புகையிலை நெஞ்சளவு உயர்ந்து நின்றது. நான்கு நாளுக்கொருமுறை நீர் கேட்கும் பருவம்.

சிவராத்திரிக்கு முந்திய கிழமை கனகரத்தினம் கொழும்புக்குப் போனான். இயந்திர வேலைக்கல்ல, எழுதுவினைஞர் பரீட்சை எழுத! மண்ணெண்ணெய் மணக்கும் வேலை மாப்பிள்ளை விலைக்கு இழுக்கு என்பது தகப்பனின் கணிப்பு. நான்கு நாள் இயந்திரம் ஓய்ந்து கிடந்தது. ஐந்தாம் நாள் காலை அவன் அதை ஓடவிட்டான். சத்தத்தில் ஊர் அதிர்ந்தது, குழாயில் ஒரு சொட்டும் இல்லை.

"தம்பி, அண்டைக்கு நளீர் நானா முதலிலை ரண்டு வாளி தண்ணி ஊத்தினவர்," என்றாள் பத்மாவதி.

"மாமி, கிணத்திலை தண்ணி எடுக்கத்தானே மிசின்? அதுக்கு நாங்கள் தண்ணி குடுக்கிறதெண்டால் மிசின் என்னத்துக்கு?"

"தண்ணி மட்டுமே? தேத்தண்ணியும் ஒரு கோப்பை குடுத்துப் பாருங்கோவன்!" என்று பின்னாலிருந்து ஒருவர் எடுத்துவிட, வரம்பெல்லாம் சிரிப்பு.

சிரிப்பு அடங்குமுன் மனேச்சர் வந்தார். இயந்திரத்தோடு வந்த கையேட்டை எடுத்து ஆங்கிலத்தில் உரத்து வாசித்தார். என்ன உச்சரிப்பு, என்ன ஏற்ற இறக்கம்! மூன்று பக்கம் முடிந்தது. "அப்ப என்ன செய்யச் சொல்லுது?" என்று பத்மாவதி கேட்டாள். மனேச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உது உங்களுக்கு விளங்காது, தங்கச்சி. ஓடவிடு, மோனை. சத்தம் நல்லாய்த்தானே இருக்குது."

ஓடவிட்டான். மதியம்வரை வெறும் வயிற்றோடு ஓடிய பம்பிலிருந்து கருகல் நாற்றம் எழுந்தது; பின்பு இரும்பை இரும்பு உராயும் ஓலம்; பின்பு மௌனம்.

மறுநாள் பத்மாவதி பஸ்ஸேறிப் பட்டினம் போனாள். நளீரின் பட்டறை வாசலில் பதினொரு லொறிகள் காத்து நின்றன. அவள் நின்ற நிலையைப் பார்த்து, அந்திப் பொழுதில் அவர் கூடவே வந்தார். பம்பைக் கழற்றி உள்ளே விரலை விட்டவர் தலையில் கைவைத்தார்.

"தண்ணி ஊத்தாமல் ஓட்டினவையோ, அக்கா?"

"ஓம்."

"கிணத்துக்குள்ளை குழாயின்ரை அடி வால்விலை சருகு சிக்கியிருக்குது. சும்மா நிண்ட நாளிலை குழாயிலை நிண்ட தண்ணி முழுக்க இறங்கியிட்டுது. ரண்டு வாளி ஊத்தியிருந்தால் போதும். இப்ப தண்டே தேய்ஞ்சு போச்சு. சாமான் கொழும்பிலையிருந்து வர ஆறு கிழமை."

"வேறை ஆரும் செய்து தரமாட்டினமே?"

"உந்த வேலை தெரிஞ்சது யாழ்ப்பாணம் முழுக்க மூண்டு பேர், அக்கா. மற்ற ரண்டு பேரிட்டையும் போனாலும் உதைத்தான் சொல்லுவினம்."

துலாவையாவது மீண்டும் நாட்டலாமென்று பத்மாவதி ஓடினாள். பனை மரம் கிடைத்தது. அதைச் செதுக்கி அச்சுப் பூட்டத் தச்சன் கிடைக்கவில்லை. பாடசாலையில் மரவேலைக் கொட்டில் ஒன்று இருந்ததே! மனேச்சர் அதை இழுத்து மூடித் தட்டெழுத்து வகுப்பாக்கி இரண்டு வருடம். மரவேலை வாத்தியார் சம்பளமின்றித் திருகோணமலைக்குப் போய்விட்டார். கொட்டிலை எட்டிப் பார்த்தாள். மூன்று தட்டெழுத்துப் பொறிகளில் இரண்டு எழுத்திறுகிக் கிடந்தன. திருத்த ஆளில்லை. பக்கத்து வகுப்பில் பிள்ளைகள் இங்கிலாந்தின் ஆறுகளை ஒரே குரலில் ஒப்புவித்துக்கொண்டிருந்தார்கள். வற்றாத ஓர் ஆறுகூட இல்லாத இந்த மண்ணில், காலடியில் ஊறும் நீரை மேலே கொண்டுவர அவர்களுள் ஒருவனுக்கும் எவரும் கற்பிக்கவில்லை.

தாயும் மகளும் கயிற்றில் வாளி கட்டி இறைத்தார்கள். உள்ளங்கை தோலுரிந்தது. எட்டுப் பரப்பில் ஒன்றரைப் பரப்புத்தான் நனைந்தது. மிச்சமெல்லாம் இலை சுருண்டு, பழுத்து, தண்டோடு சாய்ந்தது.

மாசி முடிவில் மனேச்சர் மகனோடு கிணற்றடிக்கு வந்தார். கனகரத்தினம் வெள்ளை உடுப்போடு குடைக்கீழ் நின்றான். அருந்ததி கயிற்றை விடவில்லை.

"புகையிலை போனால் போகட்டும், தங்கச்சி. அடுத்த போகம் இருக்குது. சீதன உறுதி எழுத நொத்தாரிசுக்குச் சொல்லியிட்டன். தாலிப் பொன்னுருக்கலுக்கு நாள் பாப்பம்."

பத்மாவதி கரைக்கு வந்த வாளியைத் தூக்கி மருமகனாக வரவிருந்தவன் முன் வைத்தாள்.

"தம்பி, பத்து வாளி இறையும். பிறகு நாள் பாப்பம்."

கனகரத்தினம் தகப்பனின் முகத்தைப் பார்த்தான். தகப்பனின் முகம் சிவந்தது.

"உமக்கென்ன விசரே? டிப்ளோமாக்காரன் வாளி இறைக்கிறதோ? நாளைக்குக் கந்தோரிலை கதிரையிலை இருக்கப்போறவன்!"

"மிசினும் ஓட்டத் தெரியாது, வாளியும் இறைக்க ஏலாது. பிறகு என்ரை பிள்ளையை என்னெண்டு வைச்சுக் காப்பாத்தப்போறார், மனேச்சர்?"

"வாய்ச்சொல் குடுத்தனீர்! ஊரறியக் குடுத்தனீர்!"

"ஓம். ஊரறியக் கையும் தட்டினனான். ரண்டும் என்ரை பிழை. ஒரு பிழைக்குப் புகையிலையைக் குடுத்திட்டன். மற்றதுக்குப் பிள்ளையையும் தறையையும் குடுக்கமாட்டன்."

"உவளுக்கு இனி எந்த உத்தியோக மாப்பிள்ளை வருவான் எண்டு பாக்கிறன்!"

"வரவேண்டாம், மாமா," என்றாள் அருந்ததி, கயிற்றை இழுத்தபடி. "எங்கடை கிணத்தடியிலை சும்மா நிண்ட ஆக்கள் இவ்வளவும் காணும்."

மனேச்சர் திரும்பி நடந்தார். பத்மாவதி கொட்டிலுக்குள் போய், ஆணியில் தொங்கிய கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றிக்கொண்டு பின்னால் ஓடினாள்.

"தம்பி, உதையும் கொண்டு போம். கொட்டில் ஒழுகும், நனைஞ்சிடும்."

கனகரத்தினம் குடையைத் தகப்பனிடம் கொடுத்தான். வாளியைத் தொடாத கைகள் இரண்டும் நீண்டு, சட்டத்தை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டன. கிணற்றில் வாளி விழுந்த சத்தம் கேட்டது. பத்மாவதி மகளிடம் திரும்பி ஓடினாள். இன்னும் ஒன்றரைப் பரப்பு உயிரோடு இருந்தது.