விடை தெரிந்த கேள்வி

யாரும் எழுத ஆரம்பிக்கவில்லையே. பேனாவைக்கூட எடுக்கவில்லையே. கெடுத்துவிட்டேனா?

வெளியே அவள் முகத்தில் ஒன்றும் தெரியாது. பொறியியல் கல்லூரியில் வருடக்கணக்காக நீர்ப்பாய்வுப் பாடம் நடத்துகிறவள்; தேர்வறையில் கல் மாதிரி உட்கார்ந்திருக்கத் தெரியும். 

பலகையில் ஒரே ஒரு கேள்வி இருந்தது. ‘மூன்றாம் மாடிக் கழிவறைக் குழாயில் தண்ணீர் ஏன் நூல் மாதிரி வருகிறது? கண்டுபிடித்து நிரூபியுங்கள்.’ புத்தகம் பார்க்கலாம், எழுந்து போகலாம், கூடிப் பேசலாம். மதிப்பெண் விடைக்கு இல்லை, விடையைத் தேடிய விதத்துக்கு. இப்படி ஒரு தேர்வு வைக்க அவள் படியேறாத அலுவலகம் கிடையாது. ஒரு பருவத்துக்கு மட்டும் என்று அனுமதி தந்திருந்தார்கள். நாளை தர மதிப்பீட்டுக் குழு கல்லூரிக்கு வருகிறது. அவர்களுக்குப் பிடித்துவிட்டால் அடுத்த வருடம் எல்லாத் துறைகளிலும் இதே முறை. பிடிக்காவிட்டால் பழையபடி மனப்பாடம், வாந்தி, மறதி.

முதல் வரிசைப் பெண் கையைத் தூக்கினாள். புத்தகத்தைப் பக்க எண்ணோடு ஒப்பிப்பதால் வகுப்பில் அவளுக்கு ‘டேப்ரெக்கார்டர்’ என்று பெயர்.

“மேடம், இது எந்தப் பாடத்துல வருது?”

“தெரியலம்மா.”

“விடையாவது தெரியுமா மேடம்?”

“அதுவும் தெரியாது. அந்தக் குழாயைத் தினம் திட்டியிருக்கேன், ஏன்னு பார்த்ததில்ல.”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பரவியது. ஒருவன் எழுந்தான், இன்னொருவன் எழுந்தான், அப்புறம் நாற்காலிகள் இழுபடும் சத்தம். அவள் மாடிக்குப் போய்ச் சேர்வதற்குள் கழிவறை வாசலில் ஒரே நெரிசல். அழுத்தமானியைக் கேட்டு ஒரு கூட்டம் ஆய்வகத்துக்கு ஓடியது.

டேப்ரெக்கார்டர் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தாள். “மேல்தொட்டிக்கும் இந்த மாடிக்கும் உயரம் கம்மி. அதனால அழுத்தம் கம்மி. நூத்திப் பதினாலாம் பக்கம்.”

“அப்போ இதே மாடியில ஆய்வகக் குழாய் மட்டும் ஏன் மூஞ்சியில அடிக்குது?” என்றான் கூட்டத்திலிருந்த ஒரு நெட்டையன். “அதுக்கு நூத்திப் பதினாலாம் பக்கம் படிக்கத் தெரியாதோ?”

 டேப்ரெக்கார்டர் பாதியில் நின்று யாரும் பார்த்ததில்லை. ஆசிரியைக்கு உதவிக்குப் போகவேண்டும் போல் இருந்தது. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். அந்தப் பெண் அழுத்தமானியை வாங்கி, குழாய்க்குச் சற்று முன்னாலிருந்த இணைப்பில் மாட்டினாள். திறந்தாள், மூடினாள். மறுபடியும் திறந்தாள், மூடினாள். முள்ளைவிட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

“மேடம்.” குரலே வேறாக இருந்தது. “உயரம் இல்ல மேடம். தண்ணி ஓடாம நிக்கிறப்ப அழுத்தம் முழுசா இருக்கு. ஓட விட்டா செத்துப் போகுது. வழியில யாரோ கழுத்தைப் பிடிச்சிருக்காங்க.”

ஆசிரியைக்குக் குதிக்கவேண்டும் போலிருந்தது. ‘எப்படி நிரூபிப்பே?’ என்று மட்டும் கேட்டாள். கேட்டு முடிக்கும்போது அங்கே யாருமில்லை. குழாய் போகும் வழியே கூட்டம் போய்விட்டிருந்தது.

படிக்கட்டுக்குப் பின்னால் ஒரு மரக்கதவு. அதற்குள் முக்கால்வாசிக்கு மேல் மூடிய ஒரு வால்வு. சத்தம் கேட்டுப் பராமரிப்பு அண்ணன் ஓடிவந்தார்.

“அதைத் தொடாதீங்கப்பா. போன தடவை குழு வந்தப்ப நான்தான் மூடினேன். கீழே விருந்தாளிங்க கழிவறையில தண்ணி ஜோரா வரணும்னு மேலிடத்துல சொன்னாங்க.”

“அப்புறம் திறக்கலயாண்ணே?”

“திறக்கச் சொல்லி யாரும் சொல்லலியே.”

நெட்டையன் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். வால்வைத் திறந்ததும் மேலே குழாய் சீறியது, யாரோ நனைந்து கத்தினார்கள். அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை. திறந்தால் கீழே எவ்வளவு குறைகிறது என்று மாடிக்கு மாடி ஓடி அளந்தார்கள், சண்டை போட்டார்கள், பழைய கணக்கை அடித்துப் புதிதாகப் போட்டார்கள். நேரம் முடிந்தது என்று சொன்னபோது யாரும் காதில் வாங்கவில்லை. இத்தனை வருடத்தில் அவளுக்கு நடந்திராத அவமரியாதை அது. அதை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்க் கொஞ்சவேண்டும் போலிருந்தது.

மாலையில் முதல்வர் கூப்பிட்டு அனுப்பினார். படித்த காலத்தில் அவளுக்கு இரண்டு வகுப்பு மூத்தவர். தனியாக இருக்கும்போது அக்கா.

“தேர்வறைப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டதும் ஏதோ விபத்துன்னே நினைச்சேன்டி,” என்றார். அவருக்கும் முகமெல்லாம் பூரிப்பு. “பிரமாதம். நாளைக்குக் குழு முன்னாடி இதையே ஒரு தடவை வெச்சிடு.”

“இதையேன்னா?”

“இதே கேள்வி, இதே பசங்க. வால்வைத் திரும்ப மூடச் சொல்லிட்டேன். விடை தெரியும், பிசகாது. அந்தப் பொண்ணு சொன்னாளாமே, கழுத்தைப் பிடிச்சிருக்காங்கன்னு. அதை அப்படியே சொல்லச் சொல்லு.”

 அவளுக்கும் ஆசை இல்லாமல் இல்லை. குழுத் தலைவர் தலையாட்டுவது, அடுத்த வருடம் எல்லா வகுப்பிலும் நாற்காலிகள் இழுபடுவது, தன் பெயர் சொல்லப்படுவது, எல்லாம் ஒரு கணம் கண்ணுக்குள் ஓடின. பெயர் சொல்லப்படுவது முதலில் வந்ததோ என்றுகூடச் சந்தேகமாக இருந்தது. பிறகு அந்தப் பெண் தெரிந்தாள். அழுத்தமானியைப் பிடித்துக்கொண்டு, இப்போதுதான் கண்டுபிடித்தது போல் கண்ணை விரித்து, அச்சுப் பிசகாமல் சொல்கிறாள். நிச்சயம் நன்றாகச் சொல்வாள். அதுதான் பயமாக இருந்தது.

“வேண்டாங்க்கா. அவங்க வரட்டும், பார்க்கட்டும். நான் வேற கேள்வி வைக்கறேன்.”

“விடை தெரிஞ்சதா?”

“தெரியாதது.”

“பசங்க முழிச்சா?”

“முழிக்கட்டும். இன்னிக்கும் முதல்ல முழிச்சாங்க.”

முதல்வர் நாற்காலியை முன்னால் இழுத்தார். “நாளைக்கு இது கவிழ்ந்தா மறுபடி எழுப்ப முடியாது. உனக்கே தெரியும். நான் முதல்வரா கேக்கல, அக்காவா கேக்கறேன்.”

பயம் இருந்தது. அதன் கீழே, காலையிலிருந்து அடங்காத அந்தத் துள்ளலும் இருந்தது. நாளை என்ன கேட்பது என்று மனம் ஏற்கெனவே கட்டிடம் முழுக்க அலைய ஆரம்பித்துவிட்டது.

“வேண்டாங்க்கா,” என்றாள் மறுபடியும், அதே குரலில்.