போகாத படங்கள்

மாரிவிக் காப்பிக் கோப்பைகளை, துக்கத்துக்கு வந்து இரவு விழித்திருப்பவர்களின் சீட்டு மேசையில் இறக்கிக்கொண்டிருந்தபோது அப்பா மறுபடியும் ஆரம்பித்தார்.

"மணிலா டாக்டர் எல்லாப் படத்தையும் பாத்துட்டாராம். ஆபரேஷன் பண்ணியிருந்தாலும் பிரயோஜனம் இல்லேன்னுட்டாராம். இவதான் ஈமெயில்ல அனுப்பினா."

"படிச்ச பொண்ணு இருந்தா இதான்ண்ணே," என்றாள் பக்கத்து வீட்டு கொன்சிங், கையிலிருந்த சீட்டைவிட்டுக் கண்ணெடுக்காமல். "எம்பையனும்தான் போன் வச்சிருக்கான், பெத்தவளக் கூப்பிடத் தெரியல. ஏய் நெஸ்டர், பெட்டிக்குள்ளேருந்து ஃபெலிசா பாத்துக்கிட்டிருக்கா, கள்ளாட்டம் ஆடாதே!"

மேசை சிரித்தது. கூடத்தில், சவப்பெட்டியின் கண்ணாடிக்கு அடியில், அம்மாவின் நெற்றியில் தலைவலியின் சுருக்கம் இல்லை.

முந்தாநாள், அம்மாவின் மூச்சு நின்ற பிறகு, ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அப்பா மாரிவிக்கின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "அந்த டாக்டர் பாத்தாரா? அதை மட்டும் சொல்லு." சற்று முன்புதான் அவள் மடிக்கணினியைத் திறந்து பார்த்திருந்தாள். அம்மாவின் மூளைப் படங்கள் இணைத்த அஞ்சல் அனுப்பப்படாமல் அப்படியே கிடந்தது. படங்கள் கனமானவை, வீட்டு இணைப்போ இழுத்து இழுத்து ஓடுவது. அனுப்பிய அன்று பொத்தானை அழுத்தியதுமே மூடிவிட்டு ஜீப்னி வண்டியைப் பிடிக்க ஓடினாள். அலுவலகத்தில் நாள் முழுக்க அவள் செய்வதே யார் யாருக்கோ கோப்புகள் அனுப்புவதுதான். அங்கே ஒன்றும் தவறியதில்லை.

அம்மா இரண்டு வாரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். "பதில் வந்துச்சா?"

"அவருக்கு நீ ஒருத்திதான் நோயாளியாம்மா?"

"இன்னொரு தடவ அனுப்பிப் பாரேன்."

"தொந்தரவுன்னு நெனைப்பாங்க." அந்த அதட்டலுக்குப் பிறகு அம்மா கேட்கவில்லை. தைலத்தைத் தேய்த்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

"மாரி, இங்க வா. அந்த டாக்டருக்கு நன்றி எழுதணும்," என்றார் அப்பா, சீட்டு மேசையிலிருந்து.

"துக்க வீட்டுல நன்றி சொல்லக் கூடாதுண்ணே!" கொன்சிங் பதறினாள்.

"வந்தவங்களுக்குத்தானே சொல்லக் கூடாது? அவரு வரலையே."

வேறு வழியில்லாமல் மடிக்கணினியைத் திறந்தாள். அப்பா மூக்குக்கண்ணாடி போடாமல் அவள் தோளில் கைவைத்து நின்று சொல்லச் சொல்ல எழுதினாள். மதிப்புக்குரிய ஐயா. என் மனைவியின் படங்களை நேரம் ஒதுக்கிப் பார்த்தீர்கள். எங்களுக்கு அது பெரிய ஆறுதல்.

"அவ போட்டோவும் ஒண்ணு சேர்த்து அனுப்பு."

"எதுக்குப்பா?"

"உள்ள இருந்ததத்தானே அவரு பாத்தாரு? மூஞ்சியப் பாக்கலையே."

மீன் செதில் ஒட்டிய கையால், எடுக்காதே என்று முகத்தை மறைக்கப் பார்த்துச் சிரிக்கும் அம்மாவை இணைத்தாள். டாக்டரின் முகவரிக்கு முதல் எழுத்தைத் தட்டியதும் மீதியைக் கணினியே நிரப்பிக் காட்டியது. ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள். தன் முகவரியை எழுதினாள்.

"போயிடுச்சா?"

"போயிடுச்சுப்பா."

"அவருக்குக் கெடச்சிருக்குமா?"

பாவாடைப் பையில் அவள் கைபேசி ஒருமுறை அதிர்ந்தது.

"கெடச்சிருக்கும்."

அப்பா அவள் தலையைத் தொட்டுவிட்டுச் சீட்டு மேசைக்குப் போனார். மாரிவிக் உள்ளங்கையால் பையை அழுத்திப் பிடித்தபடி அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.