சமையல்காரி என்று வாசித்தவர்

தேன்கனிக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய தேவாலயத்தின் பீரோவில், நூற்றைம்பது வருடப் பழைய கையெழுத்து அகராதி ஒன்று கிடந்தது. தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றுக்கும் சேர்த்து எழுதியது. முதல் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரப் பாதிரியாரின் பெயர். ஓசூரில் பள்ளி ஆசிரியையாக வேலை பார்த்துக்கொண்டே முனைவர் பட்டத்துக்குப் படித்த ஜெபசீலி, விடுமுறை நாட்களில் போய் அதைப் படியெடுத்தாள்.

சீம்பாலுக்குக் கன்னடத்தில் கிண்ணு, தெலுங்கில் ஜுன்னு என்று எழுதி, மாடு ஈன்று எத்தனை நாள்வரை அந்தப் பெயர் என்றும் குறித்திருந்தது. பிரசவ அறைச் சொற்கள் மட்டுமே நான்கு பக்கம். அந்த அறைக்குள் எந்தப் பாதிரியாரையும் யாரும் விட்டிருக்க மாட்டார்கள். எழுதியவள் ஒரு பெண் என்று ஜெபசீலிக்குப் பட்டது. 'பாதிரியார் வீட்டுச் சமையல்காரியாக இருக்கலாம்' என்று முதல் வரைவில் எழுதி, வழிகாட்டிப் பேராசிரியர் சிவராஜிடம் கொடுத்தாள்.

சிவராஜ் பெரிய அறிஞர். அவருடைய விசிட்டிங் கார்டில் அப்படித்தான் போட்டிருந்தது. நாற்பது புத்தகங்களுக்கு அணிந்துரை எழுதியவர். அவற்றில் இரண்டை வாசித்திருக்கவும் கூடும்.

"இதெல்லாம் ஆராய்ச்சியாம்மா? பொம்பளைங்க பேசிக்கிறதுக்கு எவன் பட்டம் குடுப்பான்?" என்று வரைவை மேசை டிராயரில் போட்டார்.

ஆறு மாதம் கழித்து கிருஷ்ணகிரியில் ஒரு கருத்தரங்கு. மறைக்கப்பட்ட பெண் அறிஞர்களைப் பற்றி சிவராஜ் கட்டுரை வாசிப்பதாக அழைப்பிதழ் சொன்னது. போனிலும் கூப்பிட்டார். "கொஞ்சம் சீக்கிரம் வந்துரும்மா. சால்வை, பொக்கே எல்லாம் நீ பாத்துக்க."

சால்வையோடு போய் முதல் வரிசையில் உட்கார்ந்தாள். அவர் வாசித்தது அவளுடைய வரைவு. ஒரே ஒரு சொல்லைத்தான் மாற்றியிருந்தார்: 'இருக்கலாம்' போய்விட்டது. "இதை எழுதியது ஒரு சமையல்காரி. கரண்டி பிடித்த கை பேனா பிடித்தது" என்று குரல் தழுதழுக்கச் சொன்னார். கை தட்டினார்கள்.

ஜெபசீலி எழுந்தாள். "அந்தம்மா பேரு என்ன சார்?"

"அது கெடைக்கலைம்மா. அதுதான் வேதனை."

"கெடைச்சிருக்கு சார். ஞானப்பூ. அந்த கோயில் பள்ளிக்கூடத்து உபாத்தியாயினி. அங்க பழைய வருகைப் பதிவேடு இருக்கு. அதுல இருக்கிற கையெழுத்தும் அகராதிக் கையெழுத்தும் ஒண்ணு. சமையல்காரின்னு தப்பா நெனைச்சது நான். அதையும் சேத்து எடுத்துட்டீங்க. திருத்தினதை உங்ககிட்ட நான் குடுக்கல."

சிவராஜ் சிரித்தார். "நம்ம பொண்ணு. கொஞ்சம் உணர்ச்சிவசப்படும்."

தலைமை தாங்கியவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து டீ இடைவேளை என்றார். அறிவுலகம் போண்டாவை நோக்கி நகர்ந்தது. ருக்மணி என்ற பேராசிரியை மட்டும் அவளிடம் வந்து, "அந்தப் பதிவேட்டை நான் பாக்கலாமா?" என்று கேட்டார்.

ஒழுங்கீனம் என்று காரணம் எழுதி சிவராஜ் அவளைக் கைகழுவினார். வழிகாட்டியை ருக்மணிக்கு மாற்ற அலுவலகத்தில் பதினோரு மாதம் ஆனது. அதற்குள் சிவராஜின் கட்டுரை அச்சாகி ஒரு விருதும் வாங்கிவிட்டது. அச்சில் சமையல்காரி இல்லை. உபாத்தியாயினி வந்துவிட்டாள். அவளைக் கண்டுபிடித்தது சிவராஜ்.

ருக்மணி அதைக் காட்டியபோது ஜெபசீலிக்குக் கோபம் வரவில்லை. செருப்புக் காலால் அசிங்கத்தை மிதித்ததுபோல் இருந்தது.

"ஞானப்பூவை ஞானப்புன்னு போட்டிருக்கார் மேடம்," என்றாள். "நாலு எழுத்தைப் பாத்து எழுதக்கூட வரல."

அடுத்த வாரம் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தாள். அதில் சிவராஜின் கட்டுரைக்கு ஓர் அடிக்குறிப்பு உண்டு: 'பிழையான படி.'