மழைக்கு ஏது தாலுகா

கலியமூர்த்திக்கு எதையும் தாலுகா வாரியாகப் பிரித்தால்தான் சோறு இறங்கும். ரெவின்யூவிலிருந்து மழை ஆய்வுப் பிரிவுக்குத் தலைவராக வந்தும் மனுஷனின் புத்தி அங்கேயே கிடந்தது.

கடலூரிலிருந்து சிதம்பரம் வரை மழையளவைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் அக்கம்பக்கத்துக் கட்டங்களோடு சேர்த்துச் சராசரி போட வேண்டும். மதராஸ் கம்ப்யூட்டரோ அத்தனையையும் ஒரே வாயில் விழுங்காது. இரண்டாக வெட்டித்தான் கொடுக்க முடியும். கலியமூர்த்தி தாலுகா எல்லையிலேயே வெட்டினார். வெட்டிய ஓரத்தில் பக்கத்துக் கட்டம் ஏது? இல்லாததையெல்லாம் அந்த மெஷின் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டது. வந்த படத்தில் எல்லை நெடுக மழை குறைந்து கிடந்தது.

அந்தக் கோட்டில்தான் நடுத்திட்டு இருந்தது. அதே ஆபீஸில் கணக்குப் போடும் தில்லையம்மாளின் அக்கா இருசம்மாள் வாழ்க்கைப்பட்ட ஊர். போன வெள்ளத்தில் கைப்பிள்ளையோடு கூரைமேல் ஏறித் தப்பியவள். மழை ஜாஸ்தியான ஊருக்குத்தான் வெள்ளப் புகலிடம் கட்டுவார்கள்.

தில்லையம்மாள் நேரே கலியமூர்த்தியிடம் போனாள். இரண்டு பாதியிலும் எதிர்ப்பக்கத்து வரிசைகள் சிலவற்றைச் சேர்த்துக் கொடுத்து, கணக்கு முடிந்ததும் அந்த உபரி வரிசைகளை நறுக்கி எறிந்தால் தீர்ந்தது என்றாள்.

"ஒங்க அக்கா ஊருல மழ பெய்யணும்னா மாரியாத்தாள கேளும்மா. ஆபீஸ கேக்காத" என்றார் கலியமூர்த்தி.

அவளே கம்ப்யூட்டருக்கான அட்டைகளில் மறுபடி துளைபோட்டு மதராஸுக்கு அனுப்பினாள். புதுப்படத்தில் கோடு மறைந்தது. நடுத்திட்டில்தான் மழை அதிகம். கலியமூர்த்தி அதை வாங்கிப் பைக்குள் திணித்ததோடு சரி.

புகலிடத்துக்கு ஊர் தேர்ந்தெடுக்கும் கடலூர்க் கூட்டத்துக்குத் தில்லையம்மாளையும் கூட்டிப்போன அவர், அங்கே பழைய படத்தையே விரித்தார். தாலுகா எல்லை வந்ததும் மழை நின்றுவிடுமா என்று, கட்டடத்துக்கு அனுமதி கொடுக்கும் எஞ்சினியர் கேட்டார். கலியமூர்த்தி கண் இமைக்காமல் புதுப்படத்தை எடுத்து நீட்டினார்.

"இந்தம்மா வெட்டுனதுல தப்பு. நான்தான் கண்டுபுடிச்சு சரிபண்ணேன்."

அப்படியா என்று எஞ்சினியர் அவள் பக்கம் திரும்பினார். பாவி கலியமூர்த்தி! இங்கே சண்டை போட்டால் இரண்டு படத்தையும் சந்தேகப்பட்டு மறுபரிசீலனைக்கு அனுப்புவார்கள், அதற்குள் ஐப்பசி வந்துவிடும். அது தெரிந்துதான் அந்த ஆள் தைரியமாக உட்கார்ந்திருந்தார்.

"ஆமா சார். என் தப்புதான்."

நடுத்திட்டில் புகலிடம் கட்ட எஞ்சினியர் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும், தப்பை ஒப்புக்கொண்டதாக எழுதிக் கொடுக்கச் சொன்னார் கலியமூர்த்தி, ஃபைலில் இருக்கணுமாம். அவள் நின்றபடியே எழுதி நீட்டினாள்.

"கட்டடம் முடியுற அன்னிக்கி நெசத்தயும் எழுதுவேன் சார். அதயும் இதே ஃபைல்ல வைங்க."

 அவள் சிதம்பரம் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள்.